பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன்

தரையில் கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் வாத்தை எடுத்துத் தலையை அமுக்கினேன். அமுக்கினால் அதன் வயிற்றுக்குள் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் மின்னும். அன்றைக்கு மின்னவில்லை. திருப்பிப் பார்த்தேன். அடியில் இருந்த சின்ன மூடியைக் காணோம். மூடியின் மேல் ஒட்டியிருந்த செல்லோடேப் ஒரு பக்கமாகப் பிய்ந்து தொங்கியது. பேட்டரி இருக்க வேண்டிய வட்டக்குழி காலியாக இருந்தது.

ரிங்கி பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். இரண்டு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது அவளுக்கு. அழவில்லை. வாயோரம் எச்சில் வழிந்து சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. "மாச்சி" என்றாள். சித்தியை அங்கே மாசி என்பார்கள், அது சொல்ல வராது, நான் அவளுக்கு மாச்சிதான். சொல்லிவிட்டு ஒரு தடவை இருமினாள். காய்ந்த இருமல்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

ஹிந்தி தெரியாமல் மீன்கடையில் நான் பட்ட பாட்டைப் போன வாரம் இந்தத் தொடரில் படித்துவிட்டுச் சிரித்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். இந்த வாரம் சிரிக்க எதுவும் இல்லை. பிள்ளை பார்க்கிறவள் இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதை எழுதியதற்கு அர்த்தமில்லை.

மூன்று ராத்திரி தூரம்

நான் பரமக்குடிப் பக்கத்துக்காரி. என் கணவர் ராசு ஜே.சி.பி. ஓட்டுகிறவர். போர்ட் பிளேருக்கு வடக்கே இருக்கும் பாராடாங் தீவில் ரோடு வேலை எடுத்திருந்த கான்ட்ராக்டர் ஒருவர் அவரைக் கூப்பிட்டார். சென்னையில் கப்பல் ஏறி மூன்று ராத்திரி கடலில் கிடந்து வந்து சேர்ந்தோம்.

யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஆனாலும் வேறு நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று இறங்கிய அன்றே புரிந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் வெயில் ஜன்னலில் நிற்கும். சாயந்தரம் ஐந்தரைக்கு விளக்குப் போட வேண்டும். மளிகைக்கடைக்காரர் பெங்காலி, பஸ் கண்டக்டர் தெலுங்கர், பக்கத்து வீட்டுக்காரர் ராஞ்சிப் பக்கம். எல்லாருக்கும் நடுவில் ஹிந்தி. நான் பிறந்து வளர்ந்த மண்ணை அவர்கள் "மெயின்லேண்ட்" என்றார்கள், ஏதோ வெளிதேசத்தைச் சொல்வது போல. இரண்டு மாதத்தில் நானும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

மகள் இனியாவை என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம் அது. ராசுவின் வேலை எங்கே நகரும் என்று தெரியாது, எங்களுக்குக் கிடைத்ததோ ஒரே அறை. ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். பேசியவர்கள் பெரியவர்கள் மட்டும். பொறுக்க வேண்டியவளைக் கேட்கவில்லை.

ரிங்கியின் அம்மா ஷம்பா தீதி அங்கே பள்ளிக்கூட டீச்சர், தீதி என்றால் அக்கா. அவர் கணவருக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். குழந்தையைப் பார்க்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். எனக்கு அப்போது தெரிந்த ஹிந்தி முப்பது வார்த்தை இருக்கும். ஷம்பா தீதி என் பேச்சைக் கவனிக்கவில்லை. குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, நான் எப்படிப் பிடிக்கிறேன் என்று பார்த்தார். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

முதல் வாரம் ரிங்கி அழுதுகொண்டே இருந்தாள். இரண்டாவது வாரம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். அம்மாவிடம் சோற்றுக்கு "பாத்" என்பாள், என்னிடம் "சோறு" என்பாள். யாரிடம் எது என்பதை அவள் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

அவளுக்கு ஊட்டும்போது இனியா சாப்பிட்டிருப்பாளா என்று தோன்றும். தோன்றினால் ரிங்கிக்கு இன்னும் இரண்டு வாய் கூடப் போகும். ஏன் அப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

பின்வாசல்

அந்த வீட்டில் ஃபோன் சிக்னல் பின்வாசல் படியில் மட்டும்தான் கிடைக்கும்.

பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன் என்று இனியாவிடம் சொல்லியிருந்தேன். கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அக்கா ஃபோனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். பத்து நாள் அப்படியே போனது.

ஷம்பா தீதி அன்று காலை முதல் கான்வாயில் போர்ட் பிளேருக்கு ஒரு மீட்டிங்குக்குப் போயிருந்தார். கான்வாய் என்றால், எங்கள் ரோடு ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் ரிசர்வ் காட்டுக்குள் போகிறது, அதனால் வண்டிகள் இஷ்டத்துக்குப் போக முடியாது. குறித்த நேரத்தில் எல்லா வண்டியும் வரிசையாக, போலீஸோடு போக வேண்டும். ஒரு நாளைக்குச் சில தடவைதான். கடைசி கான்வாயில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார் ஷம்பா தீதி.

மதியம் ரிங்கிக்குச் சோறு ஊட்டி வாய் துடைத்து, பாயில் பொம்மைகளோடு உட்கார வைத்தேன். ஃபோன் அடித்தது. அக்கா என்று நினைத்து எடுத்தேன்.

"அம்மா" என்றது இனியாவின் குரல்.

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அம்மா, நான் பாடம் வாசிக்கட்டா? டீச்சர் எனக்கு ஸ்டார் போட்டாங்க."

"வாசிடா கண்ணு."

எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். ஒரு முயலும் ஆமையும் வரும் பாடம். ஒரு வரி முடிந்ததும் நிறுத்தி, "கேக்குதாம்மா?" என்பாள். படியில் நின்றால் முன்னறையில் ரிங்கியின் இரண்டு பாதமும் தெரிந்தன. பாதம் தெரிகிறதே என்று நின்றேன். ஒரு பக்கம் முடிந்தது. "இன்னொரு பக்கம் இருக்கு" என்றாள். வேண்டாம், அப்புறம் பேசலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே வந்தபோது வாத்து கவிழ்ந்து கிடந்தது.

"வாயக் குடுக்காத"

பாயை உதறினேன். கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினேன். மூடி கிடைத்தது. பேட்டரி கிடைக்கவில்லை. ரிங்கியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவள் என் கையைத் தட்டிவிட்டுச் சிணுங்கினாள், அவ்வளவுதான். ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது என்று பிறகு தெரிந்தது. பாதி வெளியே வந்தது.

ஷம்பா தீதிக்கு அடித்தேன். லைன் போகவில்லை. மீட்டிங் முடிந்து கிளம்பிக் காட்டுக்குள் வந்திருப்பார். அந்த ரோட்டில் டவர் கிடையாது.

ராசுவுக்கு அடித்தேன். பின்னால் வண்டி இரைகிற சத்தத்தோடு கேட்டார்.

"நீ முழுங்குனதப் பாத்தியா?"

"பாக்கல. ஆனா பேட்டரியக் காணோம்."

"வீட்ல எங்கயாச்சும் உருண்டு கெடக்கும். நல்லாத் தேடு."

"தேடிட்டேங்க. எச்சி வழியுது. தண்ணி எறங்க மாட்டேங்குது."

அவர் வண்டியை நிறுத்தினார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லு. பேட்டரி கீட்டரின்னு நீயாப் போயி வாயக் குடுக்காத. நாம பொழைக்க வந்த எடம் லட்சுமி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நமக்கு இங்க யாரு இருக்கா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்துவிட்டார். எனக்கும் அதே பயம்தான். ஆட்டோவில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு போகும்போது, அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு போனேன். எச்சில் வழிகிறது, சாப்பிடவில்லை என்று மட்டும் சொல்லலாம். பொய் ஒன்றும் இல்லையே. மீதியை டாக்டர் கண்டுபிடித்துக்கொள்வார்.

கண்டுபிடிக்காவிட்டால்?

வாத்து என் பையில் இருந்தது. எப்போது எடுத்துப் போட்டேன் என்று நினைவில்லை.

சரோஜா சிஸ்டர்

ஆஸ்பத்திரியில் வடக்கத்தி டாக்டர், சின்ன வயது. "க்யா ஹுவா?" என்றார், என்ன ஆச்சு என்று.

விழுங்கினாள் என்பதற்கு ஹிந்தி வார்த்தை எனக்குத் தெரியாது. "பேட்டரி. காயா" என்றேன், பேட்டரி தின்றாள் என்று. அவர் என் கையில் இருந்த மொபைலைப் பார்த்துக் குழம்பினார். நான் வாத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அது சாய்ந்து விழுந்தது.

அப்போதுதான் சிஸ்டர் ஒருவர் கிட்டே வந்தார். சரோஜா என்று பெயர். அவருடைய அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்காகத் தெற்கே இன்னொரு தீவில் இருக்கும் ஹட் பேயில் குடியேறிய குடும்பம்.

"தங்கச்சி, நீங்க தமிழ்லயே சொல்லுங்க. நான் டாக்டருக்குச் சொல்றேன். பேட்டரிய முழுங்குனத கண்ணால கண்டீங்களா?"

"இல்லக்கா."

"பொறகு எப்புடிச் சொல்றீங்க?"

இந்த ஒரு கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது. இரண்டும் என் வாயில் இருந்தது.

"நான் பக்கத்துல இல்லக்கா. பின்வாசல்ல ஃபோன் பேசிட்டு இருந்தேன். எம் மகளோட. கால் மணி நேரத்துக்கு மேல. உள்ள வந்து பாத்தா மூடி கழண்டு கெடந்துச்சு. பேட்டரி இல்ல."

சிஸ்டர் ஒன்றையும் விடாமல் ஹிந்தியில் சொன்னார். ஃபோன் என்ற வார்த்தை எனக்குப் புரிந்தது. டாக்டர் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தன மணிக்குன்னு கேக்குறாரு. நேரந்தான் முக்கியமாம்."

ஃபோனைத் திறந்து காட்டினேன். எப்போது பேச ஆரம்பித்தேன், எவ்வளவு நேரம் பேசினேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. டாக்டர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவர் போர்ட் பிளேரில் யாரிடமோ ஃபோனில் பேசினார். பேட்டரி தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கியிருந்தால் சுற்றியுள்ள சதையை அது அரித்துக்கொண்டே போகுமாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குழாய் விட்டு எடுக்க வேண்டும். அதற்குப் போர்ட் பிளேர்தான். அதுவரை தேன் கொடுக்கச் சொன்னார். அரிப்பைக் கொஞ்சம் தாமதிக்குமாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, பத்து மில்லி பிடிக்கிற ஒரு ஸ்பூன், ஆறு தடவை. வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. இதைப் படிக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தாங்களாகச் செய்துவிடாதீர்கள். எனக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

சரோஜா சிஸ்டர் தன் குவார்ட்டர்ஸுக்கு ஓடிப்போய் அரை பாட்டில் தேன் கொண்டு வந்தார். முதல் ஸ்பூனை அவரே கொடுத்தார். ரிங்கி முகத்தைச் சுளித்தாள், தொண்டையில் கையை வைத்தாள், பிறகு மெதுவாக இறக்கினாள். கடைசி கான்வாய் எங்கள் பக்கத்திலிருந்து போயாகிவிட்டது. டாக்டர் செக்போஸ்ட்டுக்குப் பேசி ஆம்புலன்ஸுக்கு வழி கேட்டு வாங்கினார்.

அந்தக் கரை

பாராடாங்கிலிருந்து கிளம்பினால் முதலில் ஃபெர்ரியில் தண்ணீரைத் தாண்ட வேண்டும். ஆம்புலன்ஸ் ஜெட்டிக்கு வந்தபோது ஃபெர்ரி அந்தக் கரையில் நின்றது. இரண்டாவது ஸ்பூன் ஆம்புலன்ஸுக்குள் கொடுத்தாயிற்று. மூன்றாவது ஸ்பூனை ஜெட்டியில் நின்றபடி கொடுத்தேன். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். ஃபெர்ரி கிளம்பி வருவது நகராத மாதிரித் தெரிந்தது. இருபக்கமும் அலையாத்தி மரங்கள், சேற்று வாடை, டீசல் வாடை. ரிங்கி என் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். அவள் எச்சில் என் கழுத்தில் சூடாக ஒழுகியது.

தண்ணீருக்கு நடுவில் நான்காவது ஸ்பூன்.

ஃபெர்ரி அந்தக் கரையை நெருங்கும்போதுதான் பஸ் வந்து நின்றதைப் பார்த்தேன். போர்ட் பிளேரிலிருந்து வந்த கடைசி கான்வாய். ஆட்கள் இறங்கி ஃபெர்ரிக்கு வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள். முன்னால் நான்காவதோ ஐந்தாவதோ ஆளாக ஷம்பா தீதி, தோளில் பையும் கையில் மடக்கிய குடையுமாக.

அவர் முதலில் ஆம்புலன்ஸைத்தான் பார்த்தார், எல்லாரும் பார்ப்பது போல. பிறகு அதன் பின்கதவில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். குடை கீழே விழுந்தது.

பலகை இறங்கியதும் ஓடிவந்து குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பிடுங்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கூட வந்திருந்த சரோஜா சிஸ்டர் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தார். ஷம்பா தீதி அவரைப் பார்க்கவில்லை.

"தும் கஹாங் தீ?" என்றார் என்னிடம். நீ எங்கே இருந்தாய்?

அதற்கு என் ஹிந்தி போதும்.

"ஃபோன் பர்" என்றேன். "மேரி பேட்டி." ஃபோனில். என் மகள்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. ஏறுங்கள், நேரமாகிறது என்று டிரைவர் கத்தினார். ஏறினோம்.

காட்டுக்குள் அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. நடுவில் எங்கும் நிறுத்த முடியாத ரோடு. ஷம்பா தீதி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் எதிரில். தேன் பாட்டிலும் ஸ்பூனும் என்னிடம் இருந்தன. நேரம் ஆனதும் ஸ்பூனில் ஊற்றி நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி ஊட்டினார், ஸ்பூனைத் திருப்பித் தந்தார். ஐந்தாவது தடவை. பத்து நிமிடம் கழித்து ஆறாவது.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் ரிங்கி முனகினாள். ஒரு தடவை என் பக்கம் கையை நீட்டி "மாச்சி" என்றாள். ஷம்பா தீதி அந்தக் கையைப் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். செக்போஸ்ட் தாண்டி ஊர் விளக்குகள் தெரிந்தன.

எக்ஸ்ரேயில் ஒரு வட்டம்

எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரிந்தது. நெஞ்சுக்கு மேலே, வெள்ளையாக, ஓரத்தில் இரட்டைக் கோட்டோடு ஒரு வட்டம். அதைப் பார்க்கும்வரை, அது வீட்டில் கட்டிலடியில் கிடக்கக் கூடாதா என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மயக்கம் கொடுத்து உள்ளே கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் ஷம்பா தீதி ஒரு கோடியில், நான் ஒரு கோடியில். சரோஜா சிஸ்டர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் கையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெரிய டாக்டர் வெளியே வந்தார். எடுத்தாயிற்று என்றார். சுவரில் புண் இருக்கிறது, ஆழமாகப் போகவில்லை, ஆறிவிடும். கொஞ்ச நாள் மூக்கில் குழாய் வழியாகப் பால். "பேட்டரி என்று முதலிலேயே சொல்லாமல் இருந்திருந்தால், சளி இருமல் என்று மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அப்படி வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்" என்றார். அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆனது என்று அவர் சொல்லவில்லை.

ஷம்பா தீதி அப்போதுதான் அழுதார். வெகுநேரம் அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார், எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக.

"அந்த மூடி போன வாரமே உடைந்துவிட்டது. டேப் ஒட்டியது நான். தூக்கிப் போட்டிருக்க வேண்டும்."

பிறகு, "கல் ஸே மத் ஆனா." நாளையிலிருந்து வராதே.

சரி என்றேன். ரிங்கியைப் பார்க்காமலே படியிறங்கினேன்.

டெலானிபூர்

அதன் பிறகு பல மாதம் எனக்கு வேலை இல்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் ராசு போய் இனியாவைக் கப்பலில் கூட்டி வந்துவிட்டார். ஒரே அறையாக இருந்தாலும் பரவாயில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். ஆஸ்பத்திரியில் நான் சொன்னதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, "நான் சொன்னதக் கேட்ருந்தா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

ரோடு வேலை முடிந்து போர்ட் பிளேர் வந்து, டெலானிபூர் மேட்டில் வீடு பிடித்தோம். சுற்றிலும் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், கணவன் மனைவி இருவரும் ஆபீஸ் போகிற வீடுகள். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் எந்தப் பிள்ளையையும் என் வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். முதலில் வந்த அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டார். இரண்டாவதாக வந்தவர் முழுவதும் கேட்டுவிட்டு, பிறகு வருவதாகச் சொன்னார், வரவில்லை.

மூன்றாவதாக வந்தவர் பத்மா, ஒரு ஆபீஸில் கிளார்க், தெலுங்குக்காரர். பத்து மாதப் பையன். நான் சொல்லி முடித்ததும், "அந்த டீச்சர் நம்பர் இருக்கா?" என்று ஹிந்தியில் கேட்டார். கொடுத்தேன். என் முன்னாலேயே அடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

ஷம்பா தீதியின் குரலை ஒன்றரை வருஷம் கழித்துக் கேட்டேன். பத்மா விஷயத்தைச் சொன்னார்.

"குழந்தையைத் தனியாக விட்டாள், அது உண்மை" என்றார் ஷம்பா தீதி. "அதை மறைக்காமல் சொன்னாள், அதுவும் உண்மை. அதனால்தான் என் மகள் இன்றைக்குச் சாப்பிடுகிறாள். நான் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் யோசித்து முடிவு செய்யுங்கள்."

பத்மா ஃபோனை வைத்தார். பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு முன்னால் வந்து நின்றார். பையன் இடுப்பில், பால் புட்டிப் பை தோளில்.

"கதவை எப்பவும் திறந்து வைக்கணும்" என்றார். "நான் எப்ப வேணா வருவேன். சொல்லிட்டு வரமாட்டேன்."

"வாங்க" என்றேன்.

அந்த மாதம் பகல் நடுவில் ஏழு தடவை சொல்லாமல் வந்தார். அடுத்த மாதம் இரண்டு தடவை. அதற்கு அடுத்த மாதம் ஒரு தடவைகூட வரவில்லை.